ஏழாவது நிமிசத்துல வாய மூடு, கண்ணு

கண்ணு, நீ சேலத்துல பேச்சுச் சங்கத்துல பணம் கட்டிச் சேந்துட்டேன்னு உங்கப்பன் வந்து சொன்னான். அவன் மொகத்துல சந்தோசத்தக் காணோம், பயந்தான் இருந்துச்சு. "ஏற்கெனவே இவன் வாய அடக்க முடியல, இப்பப் பயிற்சி வேற எடுக்கறானாம்"னான். நான்தான் தேத்தி அனுப்பிச்சேன். "நம்ம வம்சத்துல பேசறதுக்கு இதுவரைக்கும் எவனும் காசு குடுத்ததில்லடா. பேசாம இருக்கறதுக்குத்தான் நெறயக் குடுத்திருக்கோம். போயிட்டு வரட்டும், வுடு"ன்னேன்.

ஆனா நான் காப்பி எஸ்டேட்ல காலமெல்லாம் செக்ரோல் எழுதின ரைட்டரு. யாரு வந்தா, யாரு வரல, எத்தன கிலோ பழம் பறிச்சாங்கன்னு எழுதிப் பாக்காம எதையும் நம்ப மாட்டேன். அதான் உன் சங்கத்தோட பூர்வீகத்தையும் கொஞ்சம் தோண்டிப் பாத்தேன். டோஸ்ட்மாஸ்டர்ஸ்ங்கறாங்க. ரால்ஃப் ஸ்மெட்லின்னு ஒரு அமெரிக்காக்காரரு, ஒய்.எம்.சி.ஏ.வுல உத்தியோகம். நாலு பேரு முன்னாடி எந்திரிச்சு நின்னா நாக்கு ஒட்டிக்கிற பசங்களப் பாத்துட்டு, 1905ல இல்லினாய் மாகாணத்துல ஒரு பேச்சுச் சங்கம் ஆரம்பிச்சாரு. அவர வேற ஊருக்கு மாத்தினதும் சங்கம் படுத்துக்கிச்சு. அங்கயும் அப்படித்தான்னு தெரிஞ்சப்ப எனக்குச் சித்த ஆறுதலா இருந்துச்சு. மனுசன் விடல. 1924 அக்டோபர் 22ந் தேதி, கலிபோர்னியாவுல சான்டா அனாங்கற ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்குள்ளயே மறுபடியும் கூட்டினாரு. அது நின்னுருச்சு. இன்னைக்கு உலகம் பூராவும் கிளை. சென்னை, சிங்கப்பூர் மாதிரி ஊருங்கள்ல தமிழ்லயே பேசற சங்கமும் இருக்குது. நீ சேந்தது இங்கிலீசுச் சங்கமாம். சரி, ஆபீசுல அதுதான் சோறு போடுது, நான் குறுக்க நிக்கல.

ஆனா இதெல்லாம் வெள்ளக்காரன் கண்டுபுடிச்சதுன்னு என்கிட்ட வந்து அளக்காத. அந்தச் சான்டா அனாக் கூட்டத்துக்கு முக்கா நூற்றாண்டுக்கு முன்னாடி, 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்துல வண்ணார்பண்ணைச் சிவன் கோயில்ல ஆறுமுக நாவலரு எந்திரிச்சு நின்னு பிரசங்கம் பண்ணுனாரு. அதுக்கப்பறம் வாராவாரம் வெள்ளிக்கெழம. அவரு பெர்சிவல் பாதிரியாருகூட உக்காந்து பைபிளத் தமிழாக்குன ஆளு. பாதிரிமாரு எப்படிப் பேசிச் சனத்தப் புடிக்கறாங்கன்னு பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாரு. பாத்ததச் சைவத்துக்குத் திருப்பி வுட்டாரு. அந்தத் தெறமைக்குத்தான் திருவாவடுதுறை ஆதீனம் 1849ல 'நாவலர்'னு பட்டமே குடுத்துச்சு. அவருக்கும் உனக்கும் ஒரே வித்தியாசந்தான். அவரு பேசறப்ப எதுக்கால உக்காந்து நேரம் ஆவுதுன்னு மஞ்ச அட்டை காட்ட எவனுக்கும் தைரியம் வந்திருக்காது.

அந்த அட்டையப் பத்தித்தான் உன்கிட்டப் பேசணும்.

போன மாசம் நீ என்ன விருந்தாளின்னு கூட்டிக்கிட்டுப் போனியே, நெனப்பிருக்கா? ஏற்காட்டு மலையோட இருவது கொண்டை ஊசி வளைவும் எறங்கி, பஸ்ஸுல பக்கத்துல இருந்த அம்மா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே என் தோள்ல சாய, அடிவாரம் தாண்டி மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவத் தாண்டிப் போனோம். அந்த வளைவப் பாத்து ஒரு கும்புடு போட்டேன். நீ சாமி கும்புடறேன்னு நெனச்சுக்கிட்ட. இல்ல கண்ணு. 1950ல வந்த மந்திரி குமாரி படத்துக்குக் கருணாநிதி வசனம் எழுதினது அந்தச் சினிமாக் கம்பெனிக்குத்தான். எங்க காலத்துல பேச்சுப் பயிற்சின்னா அந்த மாதிரி வசனத்த மனப்பாடம் பண்ணி ஆத்தங்கரையில நின்னு கத்தறதுதான். கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துலயே வசன நடையில பேசிப் பொண்ணு கெடைக்காமத் திரும்பினவன் நம்ம ஊர்ல இருக்கான். பேரு வேண்டாம், இப்ப அவனுக்குப் பேரப்பசங்க இருக்காங்க.

ஓட்டல் மாடியில உங்க கூட்டம். குளுகுளு மெசினு, மலையில இருந்து எறங்கி வந்தவனுக்கு எதுக்குன்னே தெரியல. மொதல்ல ஒருத்தரு சுத்தியால மேசையத் தட்டினாரு. அப்பறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுத் தன் பதவியச் சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஸ்மெட்லி மேல மரியாதையே வந்துச்சு. நம்மாளுக நடத்தற சங்கம் எதுவும் ஆறே மாசத்துல ரெண்டா உடையறது எதனால? பதவி பத்தாம. உங்க சங்கத்துல தலைவரு ஒருத்தரு, துணைத் தலைவரு மட்டும் மூணு பேரு, செயலாளரு, பொருளாளரு, அதுக்கு மேல வாசக் காக்கற மாதிரி ஒரு 'சார்ஜன்ட்'டு. இவங்க வருசக் கணக்குக்கு. அன்னன்னைக்கின்னு பாத்தா, கூட்டத்த நடத்தறவரு, நேரம் பாக்கறவரு, இலக்கணம் பாக்கறவரு, 'ஆ, ஊ' எண்ணறவரு, பேசினவங்கள எட போடறவங்க, எட போட்டவங்களையும் சேத்து எட போடறதுக்கு ஒருத்தரு. வந்தவன் பூராவுக்கும் ஒரு வேலை, அடுத்த கூட்டத்துல வேற ஆளுக்கு மாறிரும். சண்டை எங்கிருந்து வரும்? இந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருந்தா நம்ம ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டி இன்னைக்கு ஒண்ணா இருந்திருக்கும்.

அன்னைக்குன்னு ஒரு வார்த்தை குடுத்தாங்க. ரெசிலியன்ஸாம். பேசறவங்க எல்லாரும் அதை எங்கயாவது நொழைக்கணுமாம். ஒரு தம்பி தோசை மாவு புளிக்காமப் போன கதையச் சொல்லி, அந்த மாவுக்கு ரெசிலியன்ஸ் இருந்துச்சுன்னு முடிச்சான் பாரு, நீங்க கை தட்டுனீங்க. மாவுக்கே கூச்சமா இருந்திருக்கும்.

அப்பறம் அந்தத் திடீர்ப் பேச்சு. என்னையும் இழுத்து விட்டுட்டீங்க. ஒரு பொண்ணு சிரிச்ச மொகத்தோட, "ஐயா, ஒரு நாள் முழுக்க நீங்க யாரு கண்ணுக்கும் தெரியாமப் போயிட்டா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். "வயசானவன ஏற்கெனவே எவனும் கண்ணெடுத்துப் பாக்கறதில்லீங்க அம்மணி. நேத்து என்ன செஞ்சனோ அதயேதான் செய்வேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். சிரிச்சாங்க, தட்டுனாங்க. அப்பறம் நேரம் பாத்த தம்பி எந்திரிச்சு, ஒரு நிமிசங்கூடப் பேசாததால ஐயா ஓட்டுக்குத் தகுதியில்லன்னு அறிக்கை வாசிச்சான். பச்சை அட்டையே தூக்கலயாம். கண்ணு, தமிழ்நாட்டுல கொறச்சலாப் பேசினதுக்காகத் தண்டன வாங்கின மொத ஆளு உங்க தாத்தனாத்தான் இருக்கும். செல்லாத்தா கோயிலுக்கு நேந்துக்கிட்டாலும் இந்தப் பெருமை கெடைக்காது.

கணக்கு எனக்கு இப்ப நல்லா வெளங்கிருச்சு. திடீர்ப் பேச்சுன்னா ஒரு நிமிசத்துல பச்சை, ஒண்ணரையில மஞ்ச, ரெண்டுல செவப்பு. தயார் பண்ணிட்டு வர்ற பேச்சுன்னா அஞ்சுல பச்சை, ஆறுல மஞ்ச, ஏழுல செவப்பு. காப்பிப் பழம் செவந்தாத்தான் கை வைக்கணும். அந்த அட்டை செவந்தா வாய மூடிரணும். அரை நிமிசம் விட்டுப் புடிப்பாங்களாம். உலகப் போட்டியிலகூட ஏழு நிமிசம் 30 வினாடி தாண்டினா எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் வெளியதான். அந்த ஏழு நிமிசத்துக்குள்ளதான் 2014ல கோலாலம்பூர்ல நம்ம பக்கத்து இலங்கைத் தம்பி தனஞ்சய ஹெட்டியாராச்சி உலகப் பட்டம் வாங்கினாரு. மறு வருசம் சவுதியில இருந்து முகமது கஹ்தானி. சின்னதுல இருந்தே திக்கித் திக்கிப் பேசற ஆளு அவரு. திக்கினவனுக்கே ஏழு நிமிசம் போதுது. நம்ம வரவேற்புரைக்காரருக்கு ஏன் பத்தலங்கற?

யோசிச்சுப் பாரு. மே மாசம் ஏற்காடு கோடை விழா மேடையாட்டும், கல்யாணமாட்டும், காது குத்தாட்டும். ஒருத்தன் மைக்கப் புடிக்கறான். "மதிப்பிற்குரிய அவர்களே, மாண்புமிகு அவர்களே, வருகை தந்துள்ள, வருகை தரவுள்ள, வர இயலாமற்போன அவர்களே"ன்னு ஆரம்பிச்சு, பந்தல்ல இருக்கற மைக்செட்டுக்காரன் வரைக்கும் எறங்கி வர்றதுக்குள்ள உன் ஆளு ரெண்டு பேச்சு முடிச்சிருப்பான். ஒருத்தர விட்டுட்டா அவரு கோவிச்சுக்கிட்டுப் பந்திய விட்டு எந்திரிச்சுருவாரு. உங்க சங்கத்துல தலைவருக்கு ஒரு வணக்கம், மத்தவங்களுக்கு ஒட்டுக்கா ஒரு வணக்கம், விசயத்துக்கு வந்துருறாங்க. அது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

நம்ம நாட்டுல பேச்சாளருக்குச் செவப்பு அட்டை காட்டற ஒரே ஆளு போலீசுதான். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000த்துல விதி வந்துச்சு. அது வர்றதுக்கு முன்னாடி சேலம் போஸ் மைதானத்துக் கூட்டத்துக்குப் போனா, விடிஞ்சு பால்காரங்கூடத்தான் வீட்டுக்கு வரணும். குத்தமாச் சொல்லல. அந்தப் பேச்சு கேக்கறதுக்குச் சனம் டிக்கெட்டு வாங்கிட்டுப் போன காலமும் உண்டு. 1944 ஆகஸ்ட்ல இதே சேலத்து மாநாட்டுலதான் நீதிக்கட்சி, திராவிடர் கழகம்னு பேரு மாறுச்சு. தீர்மானத்துக்குப் பேரே அண்ணாதுரை தீர்மானம். பேசத் தெரிஞ்ச மனுசன் ஒரு கட்சியோட பேரையும் போக்கையும் திருப்பிட்டாரு. அப்படியாப்பட்ட வாய்க்கு நீ மணிக்கணக்காக் காத குடுக்கலாம். அந்த மேடையப் பாத்துட்டு, அந்த நேரத்த மட்டும் எடுத்துக்கிட்டு, சரக்கில்லாம வந்து நிக்கறானுங்களே, அவனுங்களுக்குத்தான் அட்டை வேணும்.

இப்ப உன் சங்கத்தப் பத்தி எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்குது, கோவிச்சுக்காத.

அந்த 'ஆ, ஊ' எண்ணற அம்மணியத்தான் சொல்றேன். நீ பேசறப்ப 'ம்ம்'ன்னா ஒரு கோடு, 'ஸோ'ன்னா ஒரு கோடு. கடைசியில எந்திரிச்சு, "இவரு ஒம்பது"ன்னு ஊரறிய வாசிக்கறாங்க. 'பாத்தீங்கன்னா'வுக்குக் கோடு போட்டா நான் ஒத்துக்குவேன். டிவியில சமையல் சொல்றவங்க "பாத்தீங்கன்னா உப்பு, பாத்தீங்கன்னா புளி"ங்கறாங்க. நாங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். ஆனா 'ம்' என்ன பாவம் பண்ணுச்சு?

எங்க பாட்டி கதை சொன்னது உனக்குத் தெரியாது. மார்கழியில மூடுபனி வாசப்படியத் தாண்டி உள்ள வந்து உக்காந்துக்கும். பக்கத்து வீடு தெரியாது, வெளக்கு மட்டும் மஞ்சளாக் கலங்கித் தெரியும். அந்த நேரத்துலதான் கதை. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணந்தம்பிங்க கெளம்பி வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சமலைன்னு பிரிஞ்ச கதை. நம்ம சனம் மலையேறுன கதை. அதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாட்டி கேக்கற மொதக் கேள்வி, "எவன்டா இன்னைக்கு உம் போடறவன்?" ஒருத்தன நேமிச்சுட்டுத்தான் வாயத் தொறக்கும். "மூணு பேரும் கெளம்புனாங்களா" — ம். "வழியில ஆறு வந்துச்சா" — ம். அந்த 'ம்' நின்னா கதையும் நின்னுரும். தூங்கிட்டியாடான்னு காதத் திருகும். உம் போடறது சும்மா வேலையில்ல. எங்க சின்ன உம், எங்க பெரிய உம், பேய் வர்ற எடத்துல எப்படி இழுக்கறதுன்னு தெரிஞ்சிருக்கணும். எனக்கு நல்லா வரும். எங்கண்ணனுக்கு வராது, அவன் வெடுக்குன்னு 'ம்'ன்னுட்டு அடுத்தது என்னன்னு கேப்பான்.

நீங்க என்ன பண்ணிட்டீங்க, கேக்கறவன் கிட்ட இருந்த 'ம்'மப் புடுங்கிட்டீங்க. அவன் பொம்மையாட்டம் உக்காந்து கடைசியில கை மட்டும் தட்டறான். போட ஆளில்லாததால பேசறவனே தனக்குத்தான் 'ம்' போட்டுக்கறான். அதுக்கு நீங்க கோடு போடறீங்க! அடுத்த கூட்டத்துல ஒண்ணு செய்யி. மொதல் வரிசையில ஒருத்தன உம் போட உக்கார வைக்கச் சொல்லு. பேசறவனோட 'ஆ, ஊ' பாதியாக் கொறஞ்சுரும். கொறையலன்னா என்ன வந்து கேளு.

எட போடறாங்களே, அதப் பத்தி ரெண்டு வார்த்தை. மொதல்ல புகழ்ச்சி, நடுவுல கொறை, மறுபடியும் புகழ்ச்சின்னு ஒரு கட்டு கட்டறாங்க. உன் பேச்சுக்கு அந்தக் கண்ணாடிக்காரரு சொன்னது கேட்டேன். "உங்க கண்ணுல ஒளி இருந்துச்சு, கொஞ்சம் அவசரப்பட்டீங்க, சட்டை பிரமாதம்." நீ ஒளியையும் சட்டையையும் மட்டும் எடுத்துக்கிட்டு மலையேறிட்ட. நடுவுல சொன்னதுதான்டா அவரு சொல்ல வந்தது. உங்க ஆத்தா சோறு போடறப்ப உங்கப்பனப் பத்திச் சொல்லும் பாரு, முன்னயும் புகழ்ச்சி இல்ல, பின்னயும் இல்ல. ஆனா கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவன் திருந்தவும் இல்லங்கறதயும் ஒத்துக்கணும். ஆக, ஸ்மெட்லி வழியையும் பாக்கலாம்.

இன்னொண்ணு தெரியுமா? அந்தச் சங்கத்துல பொம்பளைங்க உறுப்பினராச் சேர 1973 வரைக்கும் எடமில்லாம இருந்துச்சு. 49 வருசம் ஆம்பளைங்களே ஒருத்தருக்கொருத்தரு கை தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. சிரிக்காத. நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுது? 2016ல உள்ளாட்சியில பொம்பளைங்களுக்குப் பாதி எடம்னு தமிழ்நாட்டுல சட்டம் பண்ணியாச்சு. பொம்பள நின்னு செயிச்சு நாற்காலியில உக்காந்தா, பக்கத்து நாற்காலியில புருசன் உக்காந்து "தலைவர் சார்பா நான் ரெண்டு வார்த்தை"ங்கறான். அந்த ரெண்டு வார்த்தை முக்கா மணி நேரம். எந்த ஊருன்னு கேக்காத, எந்த ஊரு இல்லன்னு கேளு.

அதனால நீ காசு குடுத்துக் கத்துக்கறது வீணாப் போகக் கூடாதுன்னா ஒரு வேலை இருக்குது. இப்ப வருசத்துக்கு ஆறு கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம்ம ஊர்ல பழம் பறிக்கற பொம்பளைங்க அன்னைக்கு வந்து பின்னால கம்முனு உக்காந்திருக்காங்க. தண்ணி வராதது அவங்களுக்குத்தான் தெரியும். காட்டெருமை சாயங்காலம் எந்தப் பாதையில எறங்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். காப்பிக்காட்டுக்குள்ள இந்தப் பக்கம் நின்னு அந்தப் பக்கத்துச் சரிவுல இருக்கறவகிட்ட மைக்கில்லாமச் சண்ட போடற வாய் அது. மந்தையில மைக்க நீட்டினா, "நீங்களே சொல்லுங்க"ன்னு முந்தானைய வாய்ல வச்சுக்குது. வீட்ல வாயாடிட்டு ஆபீசுல பேசறதுக்குக் கூசற உனக்கே ஒரு சங்கம் இருக்கறப்ப, இவங்களுக்கு ஒண்ணு இருந்தா என்ன?

பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஓட்டல் மாடி வேண்டாம், ரெசிலியன்ஸும் வேண்டாம். பறிப்பு முடிஞ்சு எட போட்டதுக்கப்பறம், களத்துலயே பத்துப் பேரு உக்காந்தாப் போதும். ஆளுக்கு ரெண்டு நிமிசம். மேஸ்திரி கிட்ட லீவு கேக்கற மாதிரி ஒருத்தி, பஸ்சு ஏன் வரலன்னு டிப்போவுல கேக்கற மாதிரி ஒருத்தி, ரேசன் கடையில எடைய மறுபடியும் போடச் சொல்ற மாதிரி ஒருத்தி. நீ நேரம் பாரு. உன் அக்காகிட்டச் சொல்லி எட போடச் சொல்லு, அவளுக்குப் புகழ்ச்சி வராது, அதனால வேலை சுருக்கா முடியும். நான் மொத வரிசையில உக்காந்து உம் போடறேன். கூலி வேண்டாம், வெத்தல வாங்கிக் குடுத்தாப் போதும்.

நவம்பர் 1ந் தேதி கிராம சபைக்கு வர்றப்ப சங்கத்துல கேட்டு அந்த மூணு அட்டையும் எடுத்தா. பச்சை, மஞ்ச ஒவ்வொண்ணு போதும். செவப்பு மட்டும் ரெண்டு கொண்டா. ஒண்ண, மைக்கப் புடிச்சா விடாத உங்க பெரியப்பன் கிழிச்சுப் போட்டுட்டு மேல பேசுவான்.